இருநூறு மீட்டர் தள்ளி நின்றவர்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. பீரங்கி என்று கேட்டால் வாசலில் இருக்கும் காவலாளியே எழுந்து வந்து மாடிக்கு வழி காட்டுவார். முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ், நானூறு எம்.எம்., அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக அலைகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில் சண்டை வரும்போது அவர் மனைவிகூட, "அதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தியிருக்கலாமே" என்பார். பீரங்கிக்கு அதைக் கேட்டால் உள்ளூரப் பெருமைதான்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. கடைத்தெருவில் ஆளுக்கொரு பக்கமாக நிம்மதியாக நடந்துகொண்டிருக்கிறவர்களைப் பீரங்கி தூரத்தில் நின்று எடுத்தால், மறுநாள் பத்திரிகையில் அவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிக்கொண்டு முண்டியடிப்பார்கள். பத்து கார் நின்றால் போதும், ஊரே ஸ்தம்பித்த மாதிரி ஆகிவிடும். "என் லென்ஸ் தூரத்தை இழுத்து ஒட்டிடும்பா" என்று புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். செய்தி ஆசிரியருக்கும் அதுதான் பிடிக்கும். "நெருக்கம் வேணும்யா, படத்துல நெருக்கம் வேணும்" என்பது அவருடைய ஒரே கலைக்கொள்கை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பத்து படம் எடுப்பார், ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், மீதியை அன்றைக்கே அழித்துவிடுவார். மிச்சம் வைத்தால் ஆசிரியர் அதில் மட்டமானதாகப் பார்த்துப் போடுவார் என்ற பயம். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது, ஆசிரியரை எனக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெரிய சாலையின் குறுக்கே போகும் நடைமேம்பாலத்தின் படிக்கட்டில், பாதியில் உள்ள திருப்பத்தில் பீரங்கி நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் சாலை நேர்க்கோடாக ஓடும். இருநூறு மீட்டருக்கு அப்பால் ஜீப்ரா கோடு. கையில் பையோடு ஒரு முதியவர் அதில் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பஸ். கேமராவுக்குள் பார்த்தபோது முதியவரின் முதுகை பஸ்ஸின் முகப்பு முட்டிக்கொண்டு நின்றது. பீரங்கி நாலைந்து தடவை அமுக்கினார்.

பிறகு கேமராவை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். பஸ் எங்கேயோ பின்னால், எப்போதோ நின்றுவிட்டிருந்தது. முதியவர் பூங்காவில் நடப்பவர்போல நடந்துகொண்டிருந்தார். பஸ் இவ்வளவு மரியாதையாக நிற்கிறதே என்று, தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு தள்ளுவண்டிக்காரர்கூட அந்த இடைவெளியில் நிதானமாகக் குறுக்கே தள்ளிக்கொண்டு போனார். தள்ளுவண்டி படத்தில் இல்லை. ஆனால் பீரங்கி பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

அலுவலகத்துக்குப் போய் ஒரு படத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தார். படத்தின் கீழே போட ஒரு வரி வேண்டும் என்றார் ஆசிரியர். "மயிரிழையில் தப்பிய முதியவர்" என்று பீரங்கி எழுதிக் கொடுத்தார். இதை எழுத அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆசிரியர் படத்தை முதியவரின் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டு முதல் பக்கத்தில் நாலு பத்திக்குப் போட்டார். ஊர் மூக்கின்மேல் விரலை வைத்தது.

மூன்றாம் நாள் பீரங்கியின் தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பத்திரிகையைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டாள்.

"அண்ணே, இது நீ எடுத்த படந்தானே?"

"ஆமா. எப்படி இருக்கு?" பாராட்டுக்குத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தார் பீரங்கி.

"இந்த வண்டியை ஓட்டினது யாரு தெரியுமா? என் வீட்டுக்காரர்தான், உன் மாப்பிள்ளை. நேத்து சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

பீரங்கி பத்திரிகையை இழுத்துப் பார்த்தார். பஸ்ஸின் முன்கண்ணாடியில் வெயில் அடித்திருந்ததால் ஓட்டுநரின் முகம் படத்தில் தெரியவில்லை. நம்பர் பலகை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அது போதுமே.

தங்கை கணவரை டிப்போவில் நத்தை என்பார்கள். பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. அவர் வண்டியில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம் என்று பயணிகள் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவர் முதியவர் முதுகில் பஸ்ஸைக் கொண்டுபோய் முட்டினார் என்பதை அவரைத் தெரிந்த யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் படம் இருக்கிறதே. டிப்போவில் கூட வேலை பார்த்தவர்களே, "நத்தைக்கு அன்னைக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று பேச ஆரம்பித்தார்கள். அன்று சர்வீஸ் முடிந்து டிப்போவுக்குத் திரும்பிய காலி வண்டி அது. சாட்சி சொல்ல ஒரு பயணிகூட இல்லை, கண்டக்டரும் வழியிலேயே இறங்கிவிட்டிருந்தார். அந்த முதியவரும் எங்கே போனார் என்று தெரியவில்லை.

"நீ பாத்ததை வந்து சொல்லிடு அண்ணே. அவர் தூரத்துல நின்னாருன்னு சொல்லு. போதும்" என்றாள் தங்கை.

பீரங்கி மென்று முழுங்கினார். "கேமராவுக்குள்ள பாக்கும்போது தூரம் தெரியாதும்மா. ஆனா நீ கவலைப்படாத. இது லென்ஸ் பண்ணின வேலை. அதை நான் நிரூபிச்சுக் காட்டறேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை ஒளிக்க ஒன்றுமில்லை. பார்த்தேன் என்று சொன்னால், பார்த்துவிட்டு எப்படி மயிரிழை என்று எழுதினாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் போட்டோகிராபருக்கு எந்தப் பத்திரிகையிலும் நாற்காலி இருக்காது. அவர் மகள் படித்து முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. லென்ஸ்மேல் பழியைப் போட்டால் மாப்பிள்ளைக்கும் வேலை திரும்பக் கிடைக்கும், தனக்கும் ஒன்றும் ஆகாது. லென்ஸா வந்து மறுக்கப்போகிறது?

முதல் விசாரணை டிப்போவின் மாடியில், கோப்புகளும் பழைய டயர் வாசனையும் நிறைந்த ஓர் அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். மாப்பிள்ளை தன் வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். தூரத்திலேயே நிறுத்தியது, நடுவில் தள்ளுவண்டி போனது எல்லாம். அந்தத் தள்ளுவண்டிக்காரரைத் தேடியும் கிடைக்கவில்லை.

"நீங்க தள்ளுவண்டியைப் பாத்தீங்களா?" என்று அதிகாரி பீரங்கியிடம் கேட்டார்.

"படம் எடுக்கற மும்முரத்துல அதெல்லாம் கவனிக்க முடியாதுங்க."

மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் அதை நம்பினார். தலையைக்கூட ஆட்டினார், வேலை மும்முரத்தில் அப்படித்தானே இருக்கும் என்பதுபோல.

பீரங்கி அதோடு நிறுத்தாமல், இது லென்ஸின் குணம், பத்து நாள் கொடுத்தால் கண்ணெதிரே காட்டுகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் எல்லோரையும் கிளப்பினார். முதியவர் நின்ற இடத்தில் தங்கையை நிறுத்தினார். மாப்பிள்ளை தான் பஸ்ஸை நிறுத்திய இடத்தைக் காட்டினார், அந்த இடத்தில் பக்கத்து வீட்டு வேனை நிறுத்தினார்கள். படிக்கட்டில் ஏறி நீள லென்ஸால் ஒரு படம். பிறகு ஐம்பது எம்.எம். சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு, அதில் தங்கை முன்போல அதே உயரத்துக்குத் தெரியும்வரை நடந்து நடந்து, இருபத்தைந்து மீட்டர் கிட்டத்தில் நின்று இன்னொரு படம்.

"சீக்கிரம் எடுத்துத் தொலை. பால்காரர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாரு" என்று கோட்டின் நடுவிலிருந்து தங்கை கத்தினாள்.

படங்கள் பிரமாதமாக வந்திருந்தன. இரண்டிலும் தங்கை ஒரே அளவு. ஒன்றில் வேன் அவள் தோளில் சாய்ந்துகொண்டு நின்றது. மற்றதில் வேன் பாதிகூட இல்லை, தீப்பெட்டி மாதிரி எங்கேயோ பின்னால் கிடந்தது. பீரங்கிக்கு மனம் குளிர்ந்தது. அதிகாரியின் மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அம்மாள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டு பீரங்கியைப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒரே இடத்துல நின்னு எடுத்தீங்களா?"

"இல்லீங்க, சின்ன லென்ஸ்னா கிட்ட போனாத்தான் ஆள் பெருசா வரும்."

"அப்ப ரெண்டு விஷயத்தை மாத்தியிருக்கீங்க. லென்ஸையும் மாத்துனீங்க, இடத்தையும் மாத்துனீங்க. எது பண்ணின வேலைன்னு நான் எப்படி எடுத்துக்கறது? அதே படியில நின்னு சின்ன லென்ஸ்ல எடுங்க. அதைப் பெருசு பண்ணிக் கொண்டாங்க."

இவ்வளவுதானா என்று பீரங்கி உற்சாகமாகவே போனார். மறு ஞாயிறும் வேன், தங்கை, பால்காரர். படிக்கட்டிலிருந்து சின்ன லென்ஸால் எடுத்த படத்தில் தங்கை கட்டெறும்பு அளவுக்குத்தான் இருந்தாள். அலுவலகக் கணினியில் அந்த எறும்பு இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எட்டு மடங்கு பெரிதாக்கினார். படம் மணல் தூவியதுபோலக் கரடுமுரடாக இருந்தது. ஆனால் வேன் தங்கையின் தோளில்தான் சாய்ந்துகொண்டு நின்றது. நீள லென்ஸ் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஆளுக்கு ஆள், வேனுக்கு வேன், அச்சு அசலாகப் பொருந்தியது.

இருபத்திரண்டு வருடம். அந்தப் பெரிய லென்ஸ் எதையும் இழுக்கவில்லை, ஒட்டவில்லை. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கியது, சுற்றியிருப்பதை வெட்டியது, அவ்வளவுதான் அது செய்தது. பீரங்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லென்ஸ் குற்றமற்றது என்றால் படம் சொல்வது உண்மை என்றாகிவிடும். மாப்பிள்ளைக்கு ஆதரவாகச் சாட்சி தேடப் போய், எதிராக அல்லவா தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் லென்ஸ் இல்லாமல் போய் அதே படிக்கட்டில் நின்றார். கையில் அன்றைய பத்திரிகை இருந்தது. அதைக் குழலாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் மோதிக்கொள்வதுபோல நடந்து போனார்கள். குழலை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவர்களுக்கு நடுவில் ஒரு லாரியே நிற்கலாம். திரும்ப வைத்தார், மோதினார்கள். எடுத்தார், விலகினார்கள். வெறுங்கண்ணுக்குச் சுற்றிலும் உள்ள சாலை தூரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. குழல் அந்தச் சாலையை மறைத்துவிடுகிறது. குழலில் கண்ணாடியே கிடையாது, அப்புறம் எங்கே லென்ஸ்? எல்லாம் அவர் நிற்கிற இடம் செய்த வேலை. இருபத்தைந்து மீட்டரில் நிற்கிறவருக்குப் பின்னால் இருக்கும் முப்பது மீட்டர் பெரிய தூரம், வேன் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். இருநூறு மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு அதே முப்பது மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. இருநூறும் இருநூற்று முப்பதும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள், வயதான மனிதர் காகிதக் குழலை வைத்துக்கொண்டு விளையாடுகிறார் என்று ஒதுங்கிப் போனார்கள்.

ஏறக்குறையதான் ஒன்று. அப்படியே ஒன்று கிடையாது. அந்தச் சின்ன வித்தியாசம் படத்தில் எங்கேயாவது இருந்தாக வேண்டும். அன்று மாலை தங்கை வீட்டுச் சமையலறை மேசைமேல், வெட்டாத முழுப் படத்தைப் பெரிய அளவில் விரித்து வைத்தார்.

"மாப்பிள்ளை, உங்க பஸ்ஸோட அகலம் எவ்வளவு?"

"ரெண்டரை மீட்டர்" என்றார் மாப்பிள்ளை யோசிக்காமல். "இதை மறந்தா சந்துல திரும்ப முடியுமா மச்சான்?"

ஜீப்ரா கோட்டில் ஒரு வெள்ளைப் பட்டை அரை மீட்டர் அகலம், டேப் வைத்து அளந்து வந்திருந்தார்கள். படத்தில் அது சரியாகப் பத்து மில்லிமீட்டர் இருந்தது. அப்படியானால் கோட்டின்மேல் நிற்கும் இரண்டரை மீட்டர் பஸ் ஐம்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் படத்தில் இருந்த பஸ்ஸை அளந்தார்கள். நாற்பத்து மூன்றரை. பஸ் கோட்டின்மேல் இல்லை, அதற்கு ரொம்பப் பின்னால் இருக்கிறது. கோடு இருநூறு மீட்டரில் என்றால் பஸ் இருநூற்று முப்பதில்.

"முப்பது மீட்டர்!" தங்கை சின்னப் பெண்ணைப்போலத் துள்ளினாள், அவளுக்கு நாற்பத்தைந்து வயது. "அண்ணேன்னா அண்ணன்தான்!" அன்றைக்கு அவர்கள் வீட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு ரேடியோ பாடியது. மாப்பிள்ளை மட்டும் ஸ்கேலை வைத்து இன்னும் இரண்டு தடவை அளந்து பார்த்தார்.

கடைசி விசாரணையில் பீரங்கி இதை வரிசையாக விளக்கினார். லென்ஸைப் பற்றித் தான் சொன்னது தப்பு என்பதையும் ஒப்புக்கொண்டார். அதிகாரி ஸ்கேலை வாங்கித் தானே அளந்தார், காகிதத்தில் பெருக்கி வகுத்துப் பார்த்தார், கடைசியில் தலையை ஆட்டினார்.

"முப்பது மீட்டர். ஒத்துக்கறேன். ரொம்ப நல்ல வேலை" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா அந்த முப்பது மீட்டர்ல வண்டி நின்னுட்டு இருந்துதா, வேகமா வந்துட்டு இருந்துதா? படத்துல எல்லாமே நின்னுட்டுத்தான் இருக்கும். இதுக்கு முன்ன பின்ன எடுத்த படம் இருக்கா?"

"அழிச்சிட்டேங்க."

"அப்ப சாட்சி வேணும். இல்லேன்னா நான் சஸ்பென்ஷனை எடுக்கச் சொல்லி எழுத முடியாது. வந்த வண்டி முப்பது மீட்டர்ல இருக்கும்போது ஒருத்தர் நடுரோட்டுல இருந்தார்னா, அதுவும் ஆபத்துதான்."

மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி அளக்க ஒன்றும் மிச்சமில்லை. லென்ஸ், ஸ்கேல், டேப், எதுவும் பீரங்கிக்குப் பதிலாக வாயைத் திறக்காது.

"நின்னுட்டு இருந்துது" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நான் பாத்தேன். படம் எடுத்தப்புறம் கேமராவை இறக்கிட்டுப் பாத்தேன். வண்டி நின்னுட்டு இருந்துது. நடுவுல தள்ளுவண்டி போச்சு. தண்ணி கேன் வண்டி. போன தடவை நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். "மயிரிழைன்னு போட்டது யாரு?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அம்மாள் அதையும் எழுதினார். பீரங்கி நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகல் பத்திரிகைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும், போனது. இரண்டு வாரத்தில் அவர் வேலையும் போனது. பத்தாம் பக்கத்தின் மூலையில் மூன்று வரி வருத்தம் தெரிவித்தார்கள். பிறகு அவர் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஒரு கடையில் சேர்ந்தார். ஆனால் அவர் அன்று எதிர்பார்த்துப் பயந்தது இதையெல்லாம்தான். மாப்பிள்ளை சொல்லப்போவதை அவர் எதிர்பார்க்கவில்லை.

டிப்போ மாடிப்படியில் இருவரும் இறங்கினார்கள். கீழே வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நாளைக் காலை முதல் ஷிப்ட் என்று மேலேயே சொல்லிவிட்டார்கள். கோபமாக நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று பீரங்கி காத்திருந்தார்.

"அன்னைக்கே பாத்தியா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"பாத்தேன்."

மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நாப்பத்தோரு நாள் வீட்டுல உக்காந்து அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். மொதல்ல ஒரு வாரம், நான் தூரத்துலதான் நிறுத்தினேன்னு உறுதியாத் தெரியும். அப்புறம் பாக்கப் பாக்க, ஒருவேளை கிட்ட போயிட்டேனோன்னு தோண ஆரம்பிச்சுது. தள்ளுவண்டி போச்சா, இல்ல நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா, எனக்கே தெரியலை. தூக்கத்துல அந்தப் பெரியவரை இடிச்சிடறேன் மச்சான், தினமும்."

"மாப்பிள்ளை..."

"சாவி வாங்கச் சொல்லியிருக்காங்க. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கழுவின தண்ணீரை மிதித்துக்கொண்டு நடந்தார். வரிசையில் முதலில் நின்ற பஸ்ஸின் முன்னால் போய் நின்றார். ஏறவில்லை. அதன் முகப்புக்கும் தன் முதுகுக்கும் எவ்வளவு இருக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.